1976 மாடல் கார்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் பழைய கார் வாங்க நினைப்பவர்கள், அது எந்த ஆண்டு மாடல் என்பதையே முதலில் பார்ப்பார்கள். பெட்ரோலில் ஓடும் 1975ஆம் ஆண்டு மாடல் காருக்குப் புகைச் சோதனை கிடையாது. 1976ஆம் ஆண்டு மாடலுக்கு உண்டு. மாநிலத்தின் பெரும்பகுதியில், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்தக் கார் சோதனையில் தேறினால்தான் அதன் பதிவைப் புதுப்பிக்க முடியும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? 1943ஆம் ஆண்டு ஜூலை மாதம் லாஸ் ஏஞ்சலிஸ் நகரைக் கடும் புகைமூட்டம் சூழ்ந்தது. மக்களுக்குக் கண்கள் எரிந்தன, தொண்டை கரகரத்தது. அது போர்க்காலம். எதிரிகள் நச்சுவாயுவை வீசிவிட்டார்களோ என்றுகூடச் சிலர் அஞ்சினர். உண்மையான காரணத்தை 1950களின் தொடக்கத்தில் விளக்கியவர் ஆரி ஹாகன்-ஸ்மித் என்ற அறிவியலாளர். வாகனங்களும் எண்ணெய் ஆலைகளும் வெளியிடும் வாயுக்கள் சூரிய ஒளியில் வினைபுரிந்து ஓசோனாக மாறுகின்றன என்று அவர் கண்டறிந்தார். வானில் உயரத்தில் நம்மைக் காக்கும் ஓசோன், தரையருகே இருந்தால் நுரையீரலைப் புண்படுத்தும். நகரைச் சுற்றியுள்ள மலைகள் அந்த நச்சுக்காற்றைக் கலையவிடாமல் தடுத்தன.

1984இல் அம்மாநிலத்தில் இன்றைய புகைச் சோதனைத் திட்டம் தொடங்கியது. பல பகுதிகளில் பழைய காரை உருளைகள்மீது ஓடவிட்டு, அதன் புகைக்குழாயில் கருவியைச் செருகி நச்சுவாயுக்களை அளக்கிறார்கள். அதோடு முடிவதில்லை. தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்கள் எல்லாம் இருக்கின்றனவா என்றும் பார்க்கிறார்கள். ஒரு பாகம் இல்லாவிட்டாலும், புகை அளவு சரியாக இருந்தாலும்கூட, கார் தேறாது. நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் செய்த பாகத்துக்கு எங்கே போவது? உரிமையாளர்களின் இந்தக் குறை நியாயமானதுதான். அதனால், 35 ஆண்டுகளைக் கடந்து, சேகரிப்புக் கார்களுக்கான தனிக் காப்புறுதியும் பெற்ற வாகனங்களுக்குப் பாகங்களைப் பார்வையிடும் சோதனையில் விலக்கு உண்டு. புகை அளவில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை.

2003 முதல் சில ஆண்டுகள் விதி வேறாக இருந்தது. முப்பது ஆண்டுகள் நிறைந்த கார்களுக்குச் சோதனையே தேவையில்லை என்றார்கள். எனவே ஆண்டுதோறும் மேலும் ஒரு மாடல் விலக்குப் பெற்றது. பழைய கார்கள் எண்ணிக்கையில் குறைவு என்றாலும், ஒவ்வொன்றும் புதிய காரைவிடப் பல மடங்கு நச்சு வாயுவைக் கக்குகிறது. ஆகவே 2004இல் இயற்றிய சட்டம், விலக்கை 1975 மாடலோடு நிறுத்திவிட்டது.

2025இல் அதை மாற்ற ஒரு முயற்சி நடந்தது. 35 ஆண்டுகளைக் கடந்த சேகரிப்புக் கார்களுக்கு முழு விலக்குக் கோரும் மசோதாவை, பழைய கார்களைச் சேகரிப்பதில் புகழ்பெற்ற தொலைக்காட்சிக் கலைஞர் ஜே லெனோ ஆதரித்துப் பேசினார். இத்தகைய கார்கள் எப்போதாவதுதான் சாலைக்கு வருகின்றன என்பது ஆதரவாளர்களின் வாதம். காற்றின் தூய்மைக்காகக் குரல் கொடுப்போர் எதிர்த்தனர். மேலவையில் நிறைவேறிய அந்த மசோதா, கீழவைக் குழு ஒன்றில் நின்றுபோனது. 1976 மாடல் காரின் உரிமையாளர் மீண்டும் சோதனை நிலையத்துக்குத்தான் செல்ல வேண்டும்.