வாடகைக்கு ஒரு மூங்கில்!

உத்தமபாளையத்தில் நான் வீடு தேடின கதையைக் கேட்டால் அழுதுவிடுவீர்கள். வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்வி: "தம்பிக்குக் கல்யாணம் ஆயிருச்சா?" பெண் பார்க்கப் போன இடத்தில், "மாப்பிள்ளைக்கு வீடு வாசல் இருக்கா?" இரண்டுக்கும் நடுவில் நான்... திரிசங்கு!

இந்த வயிற்றெரிச்சலோடு மழைக்காலத்தில் ஒருநாள் சின்னமனூர் போய் மேகமலைக்கு பஸ் ஏறினேன். ராத்திரி புதருக்குள் விடாமல் 'டிக்... டிக்...' சத்தம்.

"என்னண்ணே, யாரோ டைப் அடிக்கிறாப்ல இருக்கு?"

"மரத்தவளைப்பா. பொண்ணு தேடுது" என்றார் கூட வந்த ஆபீஸ் அண்ணன்.

அட, நம்ம கட்சி!

ஊர் திரும்பியதும் தவளைகளைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அதில் என்னை அசத்தியது, தெற்கே களக்காடு - முண்டந்துறைக் காட்டில் இருக்கும் ஒரு சொந்தக்காரத் தவளை. பச்சை நிறம், ஏறக்குறைய ஓர் அங்குலம்தான். பெயர் மட்டும் ஆளைவிட நீளம்... ராவோர்செஸ்டஸ் சலசோட்ஸ்! 1876-ல் குந்தர் என்ற விஞ்ஞானி பெயர் வைத்ததோடு சரி, நூறு வருஷத்துக்கு மேல் ஆள் அட்ரஸே இல்லை. 2011-ல்தான் டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ்.டி.பிஜு, 'திரும்பக் கிடைத்துவிட்டது' என்று அறிவித்தார்.

எங்கே குடித்தனம் என்பதுதான் வேடிக்கை. உயிரோடு நிற்கிற ஒல்லி மூங்கிலில், இரண்டு கணுக்களுக்கு நடுவில் இருக்கும் பொந்துக்குள்! கே.எஸ்.சேஷாத்ரியும் கூட்டாளிகளும் 2015-ல் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையில் விவரமாக இருக்கிறது. தவளைக்குத் துளை போடத் தெரியாது. வேறு யாரோ போட்ட சின்ன ஓட்டை வழியாக உடம்பைச் சுருக்கி உள்ளே நுழைகிறது. பெண் தவளை வந்து ஐந்தாறு முட்டை இட்டுவிட்டு, 'வர்றேங்க' என்று போய்விடும். அப்புறம் அப்பாதான் எல்லாம். சாயங்காலம் சாப்பிட மட்டும் கொஞ்ச நேரம் வெளியே போவார். இந்தக் குடும்பத்தில் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. முட்டையிலிருந்து நேராகக் குட்டித் தவளைதான்.

அப்பா இல்லாவிட்டால்? அதையும் சோதித்துப் பார்த்தார்கள். முட்டைகள் பெரும்பாலும் தப்பவில்லை. தின்றவர்களில் வேற்று ஆண் தவளைகளும் உண்டு!

ஆகவே, இந்தத் தவளைக்குக் காடு இருந்தால் மட்டும் போதாது, ஓட்டை விழுந்த மூங்கிலும் வேண்டும். அந்த மூங்கிலைத்தான் கூடைக்கும் பாய்க்கும் காகிதக் கூழுக்கும் வெட்டுகிறோம். வெட்டவே கூடாதென்று சொல்லவில்லை ஸார், நமக்கும் கூடை வேண்டும். முட்டையிடும் மழை மாதங்களை விட்டுவிட்டு, கொஞ்சம் புதர்களையும் மிச்சம் வைத்து வெட்டலாமே?

நம்ம மேகமலை 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூரோடு சேர்ந்து புலிகள் காப்பகம். பட்டா புலி பெயரில் இருந்தாலும், ஓசைப்படாமல்... மன்னிக்கவும், ராத்திரியெல்லாம் ஓசைப்படுத்திக்கொண்டே அங்கே குடியிருப்பவை இந்த 'டிக் டிக்' தவளைகளும்தான்.

எனக்கு இன்னும் வீடு கிடைக்கவில்லை. கிடைத்தாலும், காலி பண்ணச் சொல்லும்போது ஒரு மாச நோட்டீஸாவது கொடுப்பார்கள்.

மூங்கிலுக்குள் முட்டையோடு உட்கார்ந்திருக்கும் அந்த அப்பாவுக்கு யார் நோட்டீஸ் கொடுப்பது?