உங்களுக்குத் தெரியுமா?

கல் பட்டு குவாட் பைக்கின் சட்டத்தில் இரும்பே வெளியே தெரிந்தாலும், பூச்சின் அடியில் துத்தநாகம் இருந்தால் அந்தச் சிறு கீறலில் எளிதில் துரு ஏறாது! இரும்பைக் காக்க, துத்தநாகம் முதலில் தன்னை அரிக்கக் கொடுத்துவிடுகிறது. உருக்கிய துத்தநாகத்தில் இரும்பைத் தோய்க்கும் முறைக்குப் பிரான்சின் ஸ்தனிஸ்லா சொரேல் 1837-லேயே காப்புரிமை பெற்றார்.

• வெறும் பெயின்ட்டுக்கோ தனி பவுடர் கோட்டிங்குக்கோ இந்தக் குணம் இல்லை. ஓரிடத்தில் பெயர்ந்தால் போதும்; ஈரம் புகுந்து, மேல் பளபளப்பு கெடாமலே அடியில் துரு பரவும்.

• பவுடர் கோட்டிங்கில் கரைப்பான் கிடையாது. மின்னேற்றம் பெற்ற உலர்தூள் சட்டத்தில் ஒட்டி, சுமார் 180–200 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருகி இறுகும்.

• பூச்சு வகைகளில் எபாக்சி உலோகத்தை விடாப்பிடியாகப் பற்றும். ஆனால் வெயிலில் வெளிறி மாவாக உதிரும். வெயில் தாங்குவது பாலியெஸ்டர். எனவே சாண்ட் பிளாஸ்டிங் செய்த இரும்பில் துத்தநாகம் நிறைந்த எபாக்சி பிரைமர், அதன்மேல் பாலியெஸ்டர் பவுடர். சேற்றிலும் கல்லிலும் ஓடும் வண்டிக்கு இதுவே சரியான தேர்வு.

குழாய்ச் சட்டம் உள்ளிருந்தும் துருப்பிடிக்கும். கோட்டிங் முடிந்ததும், அடியிலுள்ள வடிகால் துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.