கெக்கோ வாங்கும் முன் தெர்மாமீட்டர் வாங்குங்கள்

வீட்டுக்குள் ஒரு காடு – 9

ஜெர்மனியின் ஹாம் நகரில் கூடும் டெராரிஸ்டிகா சந்தைக்கு ஐரோப்பா முழுவதிலுமிருந்து ஊர்வன வளர்ப்பவர்கள் வந்து குவிகிறார்கள். மேசைகள்தோறும் உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் டப்பாக்கள். மூடியில் இனத்தின் லத்தீன் பெயர், விலை, கூடவே ஒரு எண். 1.0 என்றால் ஆண், 0.1 என்றால் பெண். 0.0.1 என்றிருந்தால், குட்டியின் பால் இன்னும் தெரியவில்லை என்று பொருள்.

முதல்முறை வருகிறவரின் கண் நிறத்தில்தான் போய் நிற்கும். எலுமிச்சை மஞ்சள், செங்கல் சிவப்பு, புலிக்கோடு என்று மேசைக்கு மேசை மாறும் நிறங்கள். ஆனால் அந்த உயிர் வீட்டில் நன்றாக வாழுமா என்பதற்கும் நிறத்துக்கும் பெரிய தொடர்பில்லை. அது எந்த நிலத்துப் பல்லி, வாங்குகிறவரின் அறையில் கோடையில் எத்தனை டிகிரி ஏறும், உயிருள்ள பூச்சியைக் கையாள அவருக்கு மனம் வருமா? தேர்வு இந்த மூன்று கேள்விகளில்தான் இருக்கிறது.

உலகில் கெக்கோ வகைப் பல்லிகள் ஏறக்குறைய 2,000 இனங்கள் உண்டு. டியூப்லைட் ஓரத்தில் பூச்சிக்குக் காத்திருக்கும் நம் வீட்டுப் பல்லியும் அதில் சேர்த்தி. இத்தனை இருந்தும், புதிதாக வளர்க்க வருகிறவர்களுக்கு அனுபவசாலிகள் சொல்லும் பெயர்கள் பெரும்பாலும் இரண்டுதான்: லெப்பர்டு கெக்கோ, கிரெஸ்டட் கெக்கோ.

வறண்ட நிலத்துப் பல்லி

லெப்பர்டு கெக்கோவின் பூர்வீகம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வடமேற்கு இந்தியாவின் வறண்ட பாறை நிலங்கள். பெரும்பாலான கெக்கோக்களுக்கு இல்லாத இமை இதற்கு உண்டு. கண்ணை மூடித் தூங்கும். சுவரில் ஒட்டும் விரல் பட்டைகள் கிடையாது, நகம் மட்டும்தான். அதனால் இது தரையிலேயே வாழும். இதற்கு உயரமான தொட்டி பயன்படாது, 90 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் உள்ள தரைப்பரப்பு வேண்டும்.

அந்தத் தரையின் ஒரு முனை 32 முதல் 34 டிகிரி செல்சியஸ் வரை சூடாகவும், மறுமுனை 25 டிகிரி அளவில் குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். பல்லி தன் உடல் வெப்பத்தை இடம் மாறித்தான் சரிசெய்துகொள்கிறது. குட்டி ஆணா பெண்ணா என்பதையே வெப்பம் தீர்மானிக்கிறது: முட்டைகளை 26 டிகிரியில் வைத்தால் வெளிவருபவை பெரும்பாலும் பெண்கள், 32 டிகிரி அளவில் வைத்தால் பெரும்பாலும் ஆண்கள்.

இருட்டும் வேளையில் ஒரு சுவர்க்கோழியைத் தொட்டிக்குள் விட்டால் இதன் குணம் தெரியும். தலை தாழும். உடல் அசையாது. வால்நுனி மட்டும் பூனை வால்போல இடமும் வலமும் துடிக்கும். அடுத்த நொடி பூச்சி வாய்க்குள் போயிருக்கும். பிறகு நாக்கை நீட்டி உதட்டை நிதானமாகத் துடைத்துக்கொள்ளும்.

இந்தக் காட்சியை ரசிப்பவருக்கு ஒரு கடமையும் உண்டு. சுவர்க்கோழியையும் மாவுப்புழுவையும் உயிரோடு வாங்கி, அவற்றுக்கும் தீனி போட்டு, கொடுக்கும் முன் கால்சியம் பொடியில் புரட்ட வேண்டும். கால்சியமும் வைட்டமின் டி3-யும் குறைந்தால் எலும்பு மென்மையாகிக் கால்கள் வளையும். தாடை ரப்பர்போல ஆகிவிடும். முற்றிய நிலையில் அது முழுமையாகத் திரும்பாது. தின்னாத பூச்சியை இரவு முழுக்க உள்ளே விடவும் கூடாது. சுவர்க்கோழி தூங்கும் பல்லியையே கடிக்கும்.

பருத்த வால்தான் இதன் கொழுப்புச் சேமிப்பு. வால் மெலிந்தால் ஏதோ கோளாறு என்று அறியலாம். நன்றாகப் பராமரித்தால் 15 முதல் 20 ஆண்டுகள் வரை வாழும். பத்து வயதுப் பிள்ளைக்கு வாங்கிக்கொடுத்தால், அந்தப் பிள்ளை கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகும் பல்லி வீட்டில் இருக்கும். அப்போது யார் பார்த்துக்கொள்வது என்பதை வாங்கும்போதே பேசிவிட வேண்டும்.

அழிந்ததாக நினைத்த பல்லி

பசிபிக் கடலின் நியூ கலிடோனியாத் தீவுகள் கிரெஸ்டட் கெக்கோவின் தாயகம். பிரெஞ்சு விலங்கியலாளர் அல்ஃபோன்ஸ் கிஷெனோ 1866-ல் இதை விவரித்தார். பிறகு நெடுங்காலம் கண்ணில் படாததால் அழிந்துவிட்டதாகவே கருதினார்கள். 1994-ல் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. அந்தக் காலத்தில் வெளியே கொண்டுவரப்பட்ட சிலவற்றின் சந்ததிகள்தான் இன்று உலகெங்கும் வீடுகளில் வளர்கின்றன.

கண்ணுக்கு மேல் இமைமயிர்போல நீளும் முட்கள், கண்ணாடியில் ஏறும் ஒட்டுவிரல்கள், கிளைக்குக் கிளை தாவும் சுறுசுறுப்பு. இமை இல்லாததால் கண்ணை நாக்கால் நக்கித் துடைக்கும். மரவாசி என்பதால் 45 செ.மீ. சதுரமான அடிப்பரப்பும் 60 செ.மீ. உயரமும் கொண்ட தொட்டி, உள்ளே கிளைகள், இலைகள், மாலையில் தண்ணீர்த் தெளிப்பு ஆகியவை தேவை.

பூச்சியைத் தொடத் தயங்குபவருக்கு இதில் பெரிய நிம்மதி உண்டு. ரெப்பாஷி, பாஞ்சியா போன்ற நிறுவனங்களின் பழப்பொடியைத் தண்ணீரில் குழைத்து வைத்தால் அதுவே முழு உணவு. இடையிடையே பூச்சி கொடுத்தால் போதும்.

ஆனால் சூட்டை இது தாங்காது. 22 முதல் 26 டிகிரிதான் இதற்கு இதம். 28-ஐத் தாண்டி நீடித்தால் உயிருக்கே ஆபத்து. லண்டனில் ஹீட்டர் இல்லாத அறையிலும் ஆண்டின் பெரும்பகுதி சமாளிக்கும். சென்னையின் மே மாதத்தில் இரவும் பகலும் ஏசி ஓடினால்தான் பிழைக்கும். மின்வெட்டு வந்தால்?

பிடித்துக் கொஞ்ச நினைப்பவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். பயந்தால் இரண்டுமே வாலை உதிர்க்கும். லெப்பர்டுக்கு வால் மறுபடி முளைக்கும், சற்று உருண்டையாக. கிரெஸ்டட்டுக்கு முளைக்கவே முளைக்காது.

முதல் முயற்சிக்கு வேண்டாதவை

மடகாஸ்கரின் பச்சை நிற டே கெக்கோ சந்தையில் எல்லோரையும் இழுக்கும். கையில் பிடித்தால் அதன் தோல் உரிந்துவிடும். பார்த்து ரசிக்க மட்டுமே உகந்தது. டோக்கே கெக்கோ கடித்தால் விடாது. எய்ட்ஸுக்கு மருந்து என்ற பொய்யை நம்பித் தென்கிழக்கு ஆசியாவில் அதைப் பெருமளவு பிடித்தார்கள். 2019-ல் அது, காட்டுயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. தான்சானியாவின் நீலநிற வில்லியம்ஸ் கெக்கோவைக் காட்டிலிருந்து அள்ளியெடுத்த வேகத்தில், 2016-ல் அதைச் சர்வதேச வணிகத்துக்குத் தடையுள்ள முதல் பட்டியலிலேயே வைக்க வேண்டியதாயிற்று. எந்த இனமானாலும் வளர்ப்பிடத்தில் பிறந்ததா என்று கேட்பது இதனால்தான் அவசியம்.

வளர்ப்பிடத்தில் பிறந்திருந்தாலும் நிறத்தை மட்டும் நம்ப முடியாது. ‘லெமன் ஃப்ராஸ்ட்’ என்ற பளபளக்கும் மஞ்சள் லெப்பர்டு ஒருகாலத்தில் பெரும் விலைக்குப் போனது. அவற்றின் தோலில் வெள்ளைக் கட்டிகள் வரத் தொடங்கின. அந்த நிறத்தைத் தரும் மரபணு மாற்றமே புற்றுக்கட்டிகளுக்கும் காரணம் என்று கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் ஆய்வாளர்கள் 2021-ல் வெளியிட்டார்கள். ‘எனிக்மா’ வகையில் தலை சாய்ந்து, சுற்றிச்சுற்றி வரும் நரம்புக் கோளாறு காணப்படுகிறது. இவற்றை வாங்குவோர் இருக்கும்வரை பிறப்பிப்போரும் இருப்பார்கள். புதியவர் சாதாரண நிறத்தைக் கேட்டு வாங்குவது விலங்குக்குச் செய்யும் நல்ல காரியம்.

வீட்டில் ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால் எந்த ஊர்வனவும் வேண்டாம் என்பது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. கிரெஸ்டட் கெக்கோக்களிடமிருந்து சால்மொனெல்லா பரவியதை அந்த மையம் 2015-ல் விசாரித்தது. மற்றவர்களும் தொட்ட பின் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். தொட்டிப் பாத்திரங்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது.

இனி முடிவு எளிது. அறை சூடாக இருக்கும், பூச்சி பிரச்சினையில்லை, அமைதியாகக் கையில் உட்கார வேண்டும் என்பவருக்கு லெப்பர்டு. அறை குளிர்ச்சி, பூச்சி ஆகாது, செடிகள் நிறைந்த தொட்டியில் தாவுவதைப் பார்த்தால் போதும் என்பவருக்கு கிரெஸ்டட். பல்லி வரும் முன்பே தொட்டியை ஒரு வாரம் ஓட்டி, இரு முனைகளின் வெப்பத்தைக் காலையும் இரவும் குறித்துக்கொள்ளுங்கள். எண்கள் நிலைத்த பிறகு கடைக்குப் போங்கள். கண் தெளிவாக, லெப்பர்டு என்றால் வால் பருமனாக, விரல்கள் அத்தனையும் முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்த வாரம்: தெர்மோஸ்டாட், புற ஊதா விளக்கு, மணலா காகிதமா? தொட்டியை அமைக்கும் முறை.

(தொடரும்)