கல்லாவில் அமர்பவருக்குச் சொரியாசிஸ் வந்தால்

மளிகைக் கடையில் சரக்கை மட்டுமா வாடிக்கையாளர் பார்க்கிறார்? பொட்டலம் கட்டும் கையையும் பார்க்கிறார். அந்தக் கையில் சிவந்த படையும் வெள்ளிச் செதிலும் இருந்தால், மறுநாள் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார். சொரியாசிஸ் கண்ட வியாபாரிக்கு அரிப்பைவிட இதுதான் பெரிய வேதனை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். இது தொற்றுநோய் அல்ல. தொட்டாலும், சில்லறை வாங்கினாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. உடலின் எதிர்ப்புச் சக்தி தவறாக வேலை செய்வதால், ஏறக்குறைய ஒரு மாதத்தில் புதுப்பிக்க வேண்டிய தோல் சில நாட்களிலேயே வளர்ந்து செதிலாகக் குவிகிறது. சித்த மருத்துவம் இதைக் காளாஞ்சகப்படை என்கிறது. 2014-இல் உலக சுகாதார சபையும் இது ஒட்டாத நோய் என்று தீர்மானத்திலேயே பதிந்தது. கேட்கும் வாடிக்கையாளரிடம் மறைக்காமல் இதைச் சொல்வதே நல்லது.

முற்றிலும் ஒழிக்கும் மருந்து இல்லை. ஆனால் அடக்கி வைக்கலாம். அதற்கு நம் தொழிலில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. காயம் பட்ட இடத்தில் புதிதாகப் படை கிளம்புவது இந்நோயின் குணம். கோணி ஊசிக் குத்து, எண்ணெய் டின் விளிம்புக் கீறல், மூட்டை தூக்கித் தோளில் உராய்வது ஆகியவை மற்றவர்களுக்கு அற்பம், இவர்களுக்கு அப்படியல்ல. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, தோளில் துணியை மடித்துப் போட்டுத் தூக்க வேண்டும். மிளகாய் வற்றல் சிப்பம் பிரிப்பதையும் சோப்புத்தூள் அள்ளுவதையும் வெறுங்கையால் செய்யக்கூடாது. உள்ளே நூல் கையுறை, மேலே பிளாஸ்டிக் உறை என்று அணிந்தால் வியர்வையும் உறுத்தாது. நம் இராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி இருக்கவே இருக்கிறது; களிம்பு தடவிய இடத்தில் தளர்வாகச் சுற்றிக்கொள்ளலாம்.

தோல் காயாமல் பார்ப்பதுதான் அன்றாட வைத்தியம். அதற்குரிய சரக்கு நம் அலமாரியிலேயே உண்டு. குளித்துத் துவட்டிய ஈரம் காயுமுன் தேங்காயெண்ணெயோ வாசலினோ தடவ வேண்டும். கொதிக்கும் வெந்நீரும் நாரால் தேய்ப்பதும் ஆகாது. செதிலைப் பிய்க்கவே கூடாது. வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் போட்டு, வெயிலில் ஊதா நிறமாகும்வரை வைத்துத் தடவுவது சித்த மருத்துவ முறை. அதையும் வைத்தியரைக் கேட்டே செய்க.

மார்கழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் வியாபாரம் சூடு பிடிக்கும். குளிரில் தோலும் வறளும். தூக்கம் கெட்டு, கடன் பாக்கிக் கவலையும் சேர்ந்தால் நோய் சீறும். தொண்டை வலி, மது, புகை ஆகியவையும் கிளப்பிவிடும். பால்கோவா சாப்பிட்டால் கூடும் என்று பயமுறுத்துவோர் உண்டு. அதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் இந்நோயாளிகளுக்கு எடையும் சர்க்கரையும் ஏறும் வாய்ப்பு அதிகம் என்பதால் அளவோடு நிறுத்துவது புத்திசாலித்தனம்.

'அரிப்பு களிம்பு' என்று ஸ்டீராய்டு கலந்த டியூப்களைப் பெட்டிக் கடையிலும் தொங்கவிடுகிறார்கள். இதை நாம் கண்டிக்கிறோம். 2018 முதல் ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்பது சட்டப்படி குற்றம். இஷ்டத்துக்குத் தடவினால் தோல் மெலியும். திடீரென நிறுத்தினால் படை முன்னிலும் மோசமாகத் திரும்பும். ஸ்டீராய்டு மாத்திரையை வாங்கி விழுங்கி, பிறகு சட்டென்று நிறுத்துவது இன்னும் ஆபத்து. உடம்பெல்லாம் சிவந்து மருத்துவமனையில் சேர்க்கும்படி ஆகிவிடும்.

மதுரை இராஜாஜி அரசு மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு உண்டு. 2022-இல் விருதுநகரிலும் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை எழுதிக் கொடுத்தால், அது வாரம் ஒரு நாள் மட்டும் சாப்பிடுவது என்பதைக் காலண்டரில் குறித்து வையுங்கள்; தினமும் விழுங்கினால் உயிருக்கே கேடு. அம்மருந்து எடுக்கும் காலத்தில் மது அறவே கூடாது. காலையில் கடைக் கதவைத் தூக்க முடியாமல் விரல் மூட்டு விறைத்து வீங்கியிருந்தால் வயதுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். சொரியாசிஸ் மூட்டையும் தாக்கும். தாமதித்தால் விரல் கோணி நிரந்தரமாகிவிடும்.