பிள்ளைக்கு என்ன செய்ய வரும்?

மங்கலம்பேட்டையில் நம் பிள்ளைகள் பலருக்குப் படிப்பு இரண்டு இடங்களில் நடக்கிறது: பள்ளிக்கூடம், மக்தப் மதரஸா. "என்ன படிக்கிறாய்?" என்று கேட்டால் "மூணாவது" என்றோ, "அம்ம ஜுஸ்வு" என்றோ பதில் வரும். பாடம் எதுவரை போயிருக்கிறது என்பது அதில் தெரிகிறது. பிள்ளைக்கு எது கைவந்திருக்கிறது என்பது தெரிவதில்லை. இப்படியே நான்கைந்து வருடங்கள் ஓடிவிடுகின்றன.

அமெரிக்கக் கல்வியாளர் ராபர்ட் மேகர் 1962-இல் இதற்காகவே ஒரு சிறு புத்தகம் எழுதினார். கற்றல் நோக்கம் ஒன்றை எழுதினால் அதில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும் என்றார். மாணவர் என்ன செய்துகாட்டுவார், எந்த நிலையில் செய்வார், எவ்வளவு சரியாகச் செய்வார். "புரிந்துகொள்வார்", "அறிந்துகொள்வார்" என்று எழுதினால் யாராலும் சோதித்துப் பார்க்க முடியாது. "வாசிப்பார்", "கழிப்பார்", "ஓதிக்காட்டுவார்" என்றால் முடியும்.

கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்ததால் ஏற்பட்ட இடைவெளியைச் சரிசெய்ய 2022 ஜூனில் தமிழக அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. அதில் பிள்ளைகள் அவரவர் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கப்படுகிறார்கள். 2021-இல் வந்த மத்திய அரசின் 'நிபுண் பாரத்' இலக்குகளையும் பெற்றோர் தெரிந்துவைத்திருப்பது நல்லது. மூன்றாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை, முன்பு பார்த்திராத பகுதியை நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொற்கள் வீதம் பொருள் புரிந்து வாசிக்க வேண்டும்; 9999 வரை எண்களை வாசிக்கவும் எழுதவும் வேண்டும். கடிகாரத்தை வைத்துக்கொண்டு வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஆனால் வேகத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். படித்ததிலிருந்து இரண்டு கேள்வி கேட்க வேண்டும்.

மதரஸாவுக்கு வருவோம். "சூரா ஃபாத்திஹா கற்பித்தல்" என்பது உஸ்தாதின் வேலையைச் சொல்கிறது. "ஏழு ஆயத்துகளையும் பார்க்காமல், எடுத்துக்கொடுக்காமல், எழுத்துகளின் மக்ரஜ் பிசகாமல் ஓதுவாள்" என்பதுதான் நோக்கம். 'அல்ஹம்து'வில் வரும் ஹா வேறு, 'இஹ்தினா'வில் வரும் ஹா வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் 'ஹ' ஆகிவிடுவதால், தமிழ் எழுத்தில் பார்த்து மனனம் செய்த பிள்ளைக்கு வித்தியாசமே தெரியாமல் போகலாம். நோக்கத்தில் இதை எழுதிவைத்திருந்தால்தான் உஸ்தாதும் அதைக் கவனித்துக் கேட்பார்.

ஒளுவும் அப்படித்தான். ஃபர்ளுகளைச் சொல்வது ஒரு நோக்கம், குழாயடியில் ஒளு செய்துகாட்டுவது இன்னொன்று. முதலாவது வந்துவிட்டால் இரண்டாவதும் வந்துவிட்டதாக நாம் எடுத்துக்கொள்கிறோம். ஹனஃபி மத்ஹபில் நான்கு ஃபர்ளுகள், ஷாஃபியில் ஆறு. எதன்படி என்பதையும் எழுதிவிட வேண்டும்.

எல்லாவற்றையும் அளந்துவிட முடியாதுதான். இக்லாஸுக்கும் அதபுக்கும் மதிப்பெண் போடுவதில் நமக்கு உடன்பாடில்லை. அதற்காக, அளக்கக்கூடியதையும் அளக்காமல் விட்டுவிடக் கூடாது.

பருவத்துக்கு ஐந்தாறு வரிகள் போதும். இருபது எழுதினால் ஒருவரும் சோதிக்க மாட்டார்கள். அந்தத் தாள் உஸ்தாதிடம் ஒன்று, வீட்டில் ஒன்று இருக்கட்டும். வந்ததை அந்தந்தத் தேதியோடு குறித்துவைத்தால், அடுத்த பருவத்தை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்க வேண்டியிருக்காது.