காவலரின் மிகைநேரத்துக்கு என்ன விலை?

அமெரிக்க நகரங்களில் ஆண்டு வரவு செலவுத் திட்டம் நகர மன்றத்துக்கு வரும்போது, காவலர்களின் மிகைநேர ஊதியம் பற்றிய விவாதமும் உடன் வரும். ஒதுக்கிய தொகையைவிடச் செலவு ஏன் மிகுந்தது, அந்தப் பணத்தில் புதிய காவலர்களை நியமித்திருக்கலாமே என்று உறுப்பினர்கள் கேட்பார்கள். காவல் துறைத் தலைமை பதில் சொல்லியாக வேண்டும்.

நம் நகராட்சி மன்றங்களில் அத்தகைய விவாதத்துக்கு இடமில்லை. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி காவல் துறை மாநிலப் பட்டியலில் உள்ளது. சட்டப்பேரவையில் காவல் துறை மானியக் கோரிக்கை ஆண்டுதோறும் விவாதிக்கப்பட்டாலும், மிகைநேரம் அங்கே ஒரு செலவுக் கணக்காகப் பெரிதாக எழுவதில்லை. காரணம் எளியது: கொடுக்கப்படாத ஊதியம் எந்த வரவு செலவுத் திட்டத்திலும் இடம்பெறாது.

நான் வாழும் தீர்த்தமலையில் மாசித் தேரோட்டத்தின்போதும், ஆடிப்பெருக்கன்று அனுமன்தீர்த்தத்தில் தென்பெண்ணைக் கரையிலும் மக்கள் பெருந்திரளாகக் கூடுவார்கள். அத்தகைய நாள்களில் சுற்றுவட்டாரக் காவல் நிலையங்களிலிருந்து காவலர்கள் வரவழைக்கப்படுகிறார்கள். தேர் நிலைக்கு வந்ததும் பக்தர்கள் வீடு திரும்பலாம். காவலருக்கோ மறுநாள் காலையில் நிலையப் பணி காத்திருக்கும். அவர் இல்லாத நேரத்தில் புகார் மனுவோடு நிலையத்துக்குச் சென்றவர் 'நாளை வாருங்கள்' என்று திருப்பி அனுப்பப்படுவார். ஆகவே இது காவலரின் துன்பம் மட்டுமன்று. குடிமக்கள் சுமக்கும் மறைமுகச் செலவும் ஆகும்.

இந்தச் சுமையின் அளவு ஏற்கெனவே கணக்கிடப்பட்டுள்ளது. காவல் துறை ஆராய்ச்சி மேம்பாட்டுப் பணியகத்துக்காக ஹைதராபாதின் இந்திய நிர்வாகப் பணியாளர் கல்லூரி நடத்திய ஆய்வு 2014-இல் வெளியானது. காவல் நிலையப் பணியாளர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் உழைப்பதையும், ஏறத்தாழ நான்கில் மூவருக்கு மாதத்தில் ஒரு நாள்கூட வார ஓய்வு கிடைக்காததையும் அது கண்டறிந்தது. 'காமன் காஸ்' அமைப்பும் லோக்நீதியும் இணைந்து வெளியிட்ட 2019-ஆம் ஆண்டு அறிக்கையின்படி, இந்தியக் காவலரின் சராசரிப் பணி நேரம் 14 மணி.

1923-இல் சிங்காரவேலர் சென்னையில் மே நாள் கொண்டாடிய காலம் முதல் எட்டு மணி நேர வேலை நமக்குப் பழகிய சொல். மே நாள் ஊர்வலத்துக்குப் பாதுகாப்பு தரும் காவலருக்கு மட்டும் அது எட்டவில்லை.

தமிழ்நாட்டில் 2021-இல் ஒரு நல்ல தொடக்கம் நிகழ்ந்தது. இரண்டாம் நிலைக் காவலர் முதல் தலைமைக் காவலர் வரை வார ஓய்வு வழங்க ஆணையிடப்பட்டது; ஓய்வு நாளில் பணிபுரிவோருக்கு மிகைநேர ஊதியம் என்றும் அறிவுறுத்தப்பட்டது. ஆனால், அந்த ஊதியத்தை எந்த அடிப்படையில் கணக்கிடுவது என்பதே இதன் உயிர்நாடி.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். ஒரு காவல் பணியிடம் இரவு பகலாக இயங்க வாரத்துக்கு 168 மணி நேர உழைப்பு தேவை. ஒருவருக்கு 48 மணி நேரம் என்றால் மூன்றரைப் பேர் வேண்டும். இருவரை மட்டும் வைத்து ஓட்டினால் ஒவ்வொருவரும் 84 மணி நேரம் உழைக்க வேண்டும். அதாவது, ஆளுக்கு 36 மணி நேரம் மிகைநேரம்.

புதிதாகச் சேரும் இரண்டாம் நிலைக் காவலரின் அடிப்படை ஊதியம் 18,200 ரூபாய். 26 வேலை நாள்களுக்கு வகுத்தால் நாளுக்கு 700 ரூபாய்; மணிக்கு 87 ரூபாய் 50 காசு. விடுபட்ட ஒன்றரைப் பேரை நியமித்தால் வாரத்துக்கு 6,300 ரூபாய் அடிப்படை ஊதியம் ஆகும். நியமிக்காமல், இருவரின் மிகைநேரத்துக்கும் இரு மடங்கு வீதத்தில் கொடுத்தால் 12,600 ரூபாய். ஒன்றும் கொடுக்காவிட்டால் அரசுக்குச் செலவே இல்லை.

இந்த மூன்று எண்களும் சேர்ந்து ஒரு பொருளியல் உண்மையைச் சொல்கின்றன. விலையில்லாப் பொருளை எவரும் சிக்கனமாகப் பயன்படுத்துவதில்லை. மிகைநேரம் இலவசமாகவோ, நாளொன்றுக்கு ஒரு சிறு படியாகவோ கிடைக்கும் வரை, காலிப் பணியிடங்களை நிரப்பும் அவசரம் நிதித் துறைக்கு வராது. ஒற்றை வீதத்தில் கொடுத்தாலும், புதியவருக்கான பயிற்சி, குடியிருப்பு, ஓய்வூதியச் செலவுகள் மிச்சமாவதால் இருப்பவரிடமே வேலை வாங்கத் தோன்றும். இரு மடங்காகும்போதுதான் ஆள் நியமனம் மலிவாகிறது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் மிகைநேரத்துக்கு இரு மடங்கு ஊதியம் என வகுத்ததன் பொருளும் இதுவே. அது தொழிலாளிக்குக் கிடைக்கும் வெகுமதி மட்டுமன்று, முதலாளிக்கு விதிக்கப்படும் தடையும் ஆகும்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. மிகைநேரம் வருமானமாகிவிட்டால் ஓய்வை விற்க முன்வருவோர் பெருகுவர். பொய்க் கணக்கும் புகும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலக் காவல் துறையில், செய்யாத மிகைநேரப் பணிக்கு ஊதியம் பெற்ற முறைகேடு 2018-இல் வெளிப்பட்டது. தொடர்புடைய பிரிவே கலைக்கப்பட்டது. எனவே உச்சவரம்பும் தணிக்கையும் இன்றி இரு மடங்கு ஊதியம் மட்டும் தீர்வாகாது. தூக்கமின்மைக்குப் பணம் மருந்துமன்று.

காவலர் எப்போதும் பணியில் இருப்பவராகவே கருதப்படுவார் என்கிறது 1861-ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தின் 22-ஆம் பிரிவு. எந்நேரமும் அழைக்கப்படலாம் என்பது வேறு. எந்நேரமும் கணக்கின்றி உழைக்க வேண்டும் என்பது வேறு. காவலர்கள் அனுமதியின்றித் தொழிற்சங்கம் அமைப்பதை 1966-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அந்தக் கட்டுப்பாடு தேவை என்றே கொண்டாலும், அவர்களுக்காகப் பேசும் கடமை அப்போது பொதுமக்களிடம் வந்து சேர்கிறது.

'வாச்சாத்தியைக் கண்ட மண்ணிலிருந்து காவலர்களுக்குப் பரிந்து பேசுவதா?' என்று கேட்போர் இருக்கக்கூடும். நியாயமான கேள்வி. எங்கள் அரூர் வட்டத்தின் அந்தச் சிற்றூரில் 1992 ஜூனில் வனம், காவல், வருவாய்த் துறையினர் இழைத்த கொடுமைக்கு, 2011-இல்தான் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டது; 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்தக் கொடுமைக்குப் பணிச்சுமை காரணமன்று. களைப்பு எந்த அத்துமீறலுக்கும் சாக்காகாது. ஆனால், யார், எந்த நேரத்தில், எவருடைய ஆணையின்பேரில், எங்கே பணியில் இருந்தார் என்ற பதிவு, ஊதியம் கேட்கும் காவலருக்கு எவ்வளவு தேவையோ, நீதி கேட்கும் குடிமகனுக்கும் அவ்வளவு தேவை. கணக்கில்லாத உழைப்பு இருக்கும் இடத்தில் கணக்கில்லாத அதிகாரமும் எளிதில் குடியேறும்.

எட்டு மணி நேரப் பணி வெறும் கனவன்று. மும்பையின் தேவனார் காவல் நிலையத்தில் 2016-இல் சோதனையாகத் தொடங்கிய மூன்று முறைப் பணி, பின்னர் அந்நகரின் பிற நிலையங்களுக்கும் விரிந்தது. நாடு முழுவதும் இதைச் செயல்படுத்தக் காவல் நிலையங்களின் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் 1.68 மடங்காக உயர வேண்டும் என்பது 2014 ஆய்வின் மதிப்பீடு. ஓரிரு ஆண்டுகளில் அது நடவாது.

ஆனால், மூன்று காரியங்களை உடனே செய்யலாம். காவலர் பணிக்கு வரும் நேரத்தையும் விடுபடும் நேரத்தையும் மின்னணு முறையில் பதிவு செய்ய வேண்டும். வாரம் 48 மணிக்கு மேற்பட்ட பணிக்கு, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, மணிக்கணக்கில் இரு மடங்கு ஊதியம் வழங்க வேண்டும். ஆண்டுதோறும் பேரவையில் வைக்கப்படும் காவல் துறைக் கொள்கை விளக்கக் குறிப்பில், மாவட்டவாரியாக மொத்த மிகைநேரத்தையும் காலிப் பணியிடங்களையும் அருகருகே அச்சிட வேண்டும். மூன்றாவதற்குச் செலவு ஏதுமில்லை. அந்த இரு எண்களும் ஒரே பக்கத்தில் இடம்பெறும் ஆண்டில், இன்று நடவாத விவாதம் தானாகவே நடக்கும்.