பெங்களூருவில் டிப்ஸ் கட்டாயமா? வெளிநாட்டுப் பயணிகள் அறிய வேண்டியவை

பெங்களூரு: அமெரிக்க உணவகங்களில் கட்டணத்தில் 15 முதல் 20 சதவீதம் வரை டிப்ஸ் கொடுப்பது எழுதப்படாத சட்டம். ஜப்பானிலோ, மேஜையில் விட்டுச் சென்ற பணத்தை மறதி எனக் கருதி ஊழியர் திருப்பித் தர ஓடி வருவதும் உண்டு. இத்தகைய இருவேறு பழக்கங்களுடன் பெங்களூரு வந்து இறங்குவோருக்கு, இங்கு எவ்வளவு கொடுப்பது என்ற குழப்பம் எழுவது இயல்பே.

இந்தியாவில் டிப்ஸ் கட்டாயம் என எந்தச் சட்டமும் கூறவில்லை. அமெரிக்காவில் டிப்ஸ் பெறும் ஊழியர்களுக்கான மத்திய அரசின் குறைந்தபட்ச ரொக்க ஊதியம் 1991 முதல் மணிக்கு 2.13 டாலராகவே உள்ளது. அங்கு டிப்ஸ் என்பது ஊதியத்தின் ஒரு பகுதி. கர்நாடகத்தில் டிப்ஸ் பெறுபவர் என்பதற்காகத் தனியாகக் குறைந்த ஊதியம் நிர்ணயிக்கப்படுவதில்லை. உணவகங்களில் நல்ல உபசரிப்புக்கு 5 முதல் 10 சதவீதம் வரை கொடுப்பது வழக்கம். கொடுக்காவிட்டாலும் யாரும் கேட்பதில்லை.

உண்மையான சிக்கல் ரசீதில் உள்ளது. ஜி.எஸ்.டி. அரசுக்குச் செல்லும் வரி; அதைச் செலுத்தியே ஆக வேண்டும். அதன் அருகில் 'சேவைக் கட்டணம்' என இருந்தால் அது வரி அல்ல. அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது என மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. உணவக உரிமையாளர் சங்கங்கள் இதை எதிர்த்துத் தொடர்ந்த வழக்குகளை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28-ல் தள்ளுபடி செய்தது. சங்கங்கள் மேல்முறையீடு செய்துள்ளன. எனினும், ரசீதில் அத்தொகை இருந்தால் நீக்கும்படி கேட்கலாம். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் அளிக்கலாம். அத்தொகை பரிமாறியவரின் கைக்குச் சேரும் என்ற உறுதியும் இல்லை. அவருக்கே கொடுக்க விரும்புவோர் நேரில் கொடுப்பதே மேல்.

பெங்களூருவின் அடையாளமான தர்ஷினிகளில் இக்கேள்வியே எழாது. முதலில் பணம் செலுத்தி, டோக்கன் பெற்று, நின்றபடியே இட்லியும் காபியும் முடித்துக் கிளம்ப வேண்டியதுதான்.

ஆட்டோவில் நிலைமை வேறு. 2025 ஆகஸ்ட் 1 முதல் முதல் 2 கி.மீ.க்கு ரூ.36, அதன்பின் கி.மீ.க்கு ரூ.18 என்பதே அரசு நிர்ணயித்த கட்டணம். இரவு 10 முதல் காலை 5 மணி வரை ஒன்றரை மடங்கு கேட்பது விதிப்படியானது. பகலில் கேட்டால் அது டிப்ஸும் அல்ல, கட்டணமும் அல்ல. சில்லறையைத் திரும்பக் கேட்காமல் விடுவதே இங்கு நெடுநாள் வழக்கம்.

வாகன முன்பதிவு செயலிகளில், ஓட்டுநர் ஏற்கும் முன்பே 'கூடுதலாக ரூ.20 தருகிறீர்களா?' எனக் கேட்கும் முறை பெங்களூருவாசிகளுக்கு நன்கு பழக்கமானது. இதுதொடர்பாக 2025 மே மாதம் ஊபர் நிறுவனத்துக்கு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. சேவை கிடைக்கும் முன் டிப்ஸ் கேட்பது நியாயமற்ற வணிகம் என மத்திய அமைச்சர் பிரல்ஹாத் ஜோஷி அப்போது கூறினார். டிப்ஸ் வசதி பயணம் முடிந்த பிறகே தோன்ற வேண்டும், முழுத் தொகையும் ஓட்டுநருக்கே சேர வேண்டும் என மத்திய அரசு அதே ஆண்டு டிசம்பரில் விதிகளைத் திருத்தியது.

விடுதியில் பெட்டி தூக்குபவர், அறை துப்புரவு செய்பவர் ஆகியோருக்கு 50 அல்லது 100 ரூபாய் போதுமானது. டாலர் நாணயங்களைக் கொடுக்க வேண்டாம்; அவற்றை இங்கு மாற்றுவது கடினம்.